கூட யார் வருகிறார்கள்?

மார்ச் 2

அம்மாடி,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால், கொஞ்சம் உட்கார்ந்து படி. உன் பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். யாரோ ஒரு ஆள் எடுத்து, "ராங் நம்பர்னு நேத்தே சொன்னேனேம்மா" என்று அலுத்துக்கொண்டார். நீ வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் முகவரி மட்டும் தெரியும். அதனால் இந்தக் கடிதம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. இடது மார்பில் கட்டி. கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லையாம். ஆனால் சின்னதும் இல்லையாம். முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்வார்களாம். நான் கேள்விப்பட்டதெல்லாம் முதலில் அறுவை, அப்புறம் மருந்து. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டேன். டாக்டர் விளக்கினார். கேட்கும்போது புரிந்தது, படி இறங்குவதற்குள் மறந்துபோனது.

நர்ஸ் ஒருத்தி உட்கார வைத்து எல்லாம் சொன்னாள். பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், இதயத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டு வர வேண்டும், மோதிரம் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் "புரிஞ்சுதா?" என்று நான் கேட்டால் இப்படித்தான் ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு நேரே சுவரில் கொண்டுபோய் விடுவார்கள்.

கடைசியில் அவள் கேட்டாள்: "கூட யார் வராங்க?" தனியாக வந்தால் மருந்து ஏற்ற மாட்டார்களாம். அன்றிரவு ஒருவர் உடன் இருக்கவும் வேண்டுமாம்.

மகன் இருக்கும்போது உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். அவன் வீட்டில் இருப்பவளுக்கு ஏழாம் மாதம். (அவளை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இப்படி எழுதுகிறேன்.) மருந்து ஏற்றிய பிறகு இரண்டு நாள் அது உடம்பிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்குமாம். வாந்தி, சிறுநீர், நனைந்த துணி எதையும் கர்ப்பிணி தொடக் கூடாதாம். முடிந்தால் கழிப்பறையும் வேறாக இருக்க வேண்டுமாம். அவன் வீட்டில் இருப்பதோ ஒன்றே ஒன்று. சொன்னால் அவன் என்னைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேதான் வைப்பான். பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

அதனால் உன் நினைவு வந்தது. நீ தனியாகத்தானே இருக்கிறாய். உனக்கு ஒன்றும் ஆகாது. மார்ச் 19 முதல் நாள். முடியுமா என்று எழுது. அவனிடம் சொல்லிவிடாதே.

அத்தை

*

மார்ச் 6

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். படித்த கையோடு வேலை செய்ததில் ஒருவருடைய லென்ஸை இன்னொருவருடைய ஃபிரேமில் மாட்டிவிட்டேன். அந்த மனிதர் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்து, "என்னம்மா, தரை சாயுது?" என்றார். எனக்கும் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

உடம்பைப் பற்றி முதலில் கேட்க வேண்டும். கேட்க வரவில்லை. வேறு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

"நீ தனியாகத்தானே இருக்கிறாய். உனக்கு ஒன்றும் ஆகாது." எத்தனை தடவை படித்தாலும் அது அப்படியேதான் இருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆவதற்கு என்ன இருக்கிறது? இரண்டு தடவையும் கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள்தான். காரின் முன்சீட்டைச் சாய்த்து, மடியில் தலையணை வைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் எறும்பு மாதிரி ஏற்றி இறக்கினீர்கள். அதே கை இப்படியும் எழுதுமா? அவள் தொடக் கூடாததை நான் தொடலாம். ஏனென்றால் என்னிடம் கெட்டுப்போக ஒன்றுமில்லை. இதுதானே கணக்கு?

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் பெட்டியோடு சமையலறை வாசலில் நின்று, "அத்தை, போயிட்டு வரேன்" என்றேன். திரும்பி வரப்போவதில்லை, ஆனாலும் வாய்க்கு அதுதானே பழக்கம். நீங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை. குழாயைக்கூட மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படி இறங்கினேன். உங்கள் மகன் பேசியதெல்லாம்கூட மறந்துவிட்டது. அந்த முதுகு மட்டும் மறக்கவில்லை.

நான் வரமாட்டேன். வேறு யாரையாவது பாருங்கள்.

பல் டாக்டரைத் தள்ளிப் போடாதீர்கள். வலதுபக்கக் கடைவாய்ப் பல் அப்போதே ஆடிக்கொண்டிருந்தது. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு போவீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். இன்னும் வேலைக்குப் போகிறீர்களா? வலி இருக்கிறதா?

பதில் எழுத வேண்டும் என்றில்லை.

*

மார்ச் 9

அம்மாடி,

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. நாற்காலியில் படுத்துக்கொண்டு அழுதுவிட்டேன். டாக்டர் பதறி, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா" என்றார். ஏன் அழுதேன் என்று எனக்கும் தெரியவில்லை. புண் ஆறினால்தான் மருந்து ஏற்றுவார்களாம். தேதி நிற்குமா தள்ளுமா, அதுவும் தெரியாது.

ஊரில் வாய் இருக்கிற எல்லோரும் எனக்கு டாக்டராகிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரி, "இப்பவே நல்லா சாப்பிட்டு உடம்பை ஏத்திக்குங்க" என்கிறாள். எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்துப் பெண், "இனிப்பே தொடாதீங்க, கட்டிக்குத் தீனி போடற மாதிரி" என்கிறாள். தபால்காரர் யாருக்கோ ஒரு ஊசியிலேயே எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்கிறார். முடியை இப்போதே வெட்டிக்கொள் என்கிறார்கள், உதிரட்டும் விடு என்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டியரிங். வண்டி மட்டும் நான். நேற்று ஒரு பையனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஓட்டினான். நான்தான் சும்மா என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். "ஏன் மேடம்?" என்றான். இன்றிலிருந்து விடுப்பு.

வலி இல்லை. அதுதான் குழப்பமே. வலித்தால் நோய் என்று நம்பலாம். இது எனக்கு ஒன்றுமே இல்லை, அவர்களாகத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்பது போல இருக்கிறது.

நான் எழுதிய வரியை நீ திருப்பி எழுதியதைப் படித்த பிறகுதான் அது என்ன சொல்கிறது என்று தெரிந்தது. எழுதும்போது என் மனதில் இருந்தது வேறு. யாரைக் கூப்பிட்டால் இன்னொருவரைப் பற்றி நான் பயப்படாமல் இருக்கலாம் என்பதுதான் மனதில் இருந்தது. அது உனக்கு எப்படிக் கேட்கும் என்று யோசிக்கத் தலை ஓடவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் இன்னும் கெடுப்பேன்.

ஆனால் குழாயைப் பற்றி எழுதத்தான் வேண்டும்.

நான் திரும்பியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய். என் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்திருப்பாய். அதற்கு முன்னால் இரண்டு தடவை அப்படித்தான் வைத்தாய். அந்த வீட்டில் நீ உருகிப்போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "போ" என்று எப்படிச் சொல்வேன்? நான் பெற்றவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். "இரு" என்றும் எப்படிச் சொல்வேன்? அதனால் பாத்திரத்தைத் தேய்த்தேன். ஒரே தட்டைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ இறங்கிப் போனது தெரிந்த பிறகும் வெகுநேரம் தேய்த்தேன். அதை நீ இப்படி எடுத்துக்கொண்டு போயிருப்பாய் என்று எனக்கு யார் சொல்வார்கள்?

வரவேண்டாம் என்றால் வேண்டாம். அலுவலகத்துப் பெண்ணைக் கேட்டுப் பார்க்கிறேன். அவள் ரத்தத்தைப் பார்த்தால் விழுந்துவிடுவாள்.

அத்தை

*

மார்ச் 12

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்பினால் மூன்று வருடம் நான் சுமந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நம்பாவிட்டால், ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டு நிற்கிற உங்களை என்ன செய்வது? இரண்டுமே முடியவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதற்கு நீங்கள் கோபப்படுவீர்கள். உங்கள் மகனிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றுக் கடைக்கு ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை போய் எத்தனையோ நாளாகிறது. மகனுக்குத் தெரியாது. எங்கள் சோதனையில்தான் தெரிந்தது. அவன், "ஏம்மா சொல்லலை? ஏன் சொல்லலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த அம்மா, "உனக்கு எதுக்குடா சிரமம்" என்றாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. உங்கள் மகன் எனக்கு என்ன செய்தாரோ செய்தார். அதற்காக அவர் தாயின் நோயை அவருக்குத் தெரியாமல் நான் வைத்துக்கொள்ள முடியாது.

மதியம் கூப்பிட்டேன். என் குரல் என்று தெரிந்ததும், "என்ன?" என்றார், அதே பழைய "என்ன?". சொன்னேன். பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். சொன்னேன். பிறகு கேட்டார், "ஏன் உன்கிட்ட சொன்னாங்க? என்கிட்ட ஏன் சொல்லலை?"

கழிப்பறையைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். மற்றதை அவர் உங்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி உங்களுக்கு மகன் இருக்கிறார். நான் தேவையில்லை. நல்லபடியாக முடியட்டும்.

*

மார்ச் 14

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். சொல்லாதே என்று.

அவன் வந்துவிட்டான். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் படியேறி மூச்சு வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதா, அவனுக்குப் பதில் சொல்வதா? "நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்துகிறான். செத்துப்போவது யார் என்பதுதானே இப்போது பேச்சே.

அவன் எதையெதையோ படித்துவிட்டு வந்திருக்கிறான். முதலில் அறுவைதான் சரி என்கிறான். 19-ஆம் தேதி வேண்டாம், வேறு டாக்டரைப் பார்ப்போம் என்கிறான். அந்த வேறு டாக்டரிடமும் போனோம். அவர், "இதே மருந்துதான், இதே முறைதான், தள்ளிப் போடாதீங்க" என்றார். வெளியே வந்ததும் இவன், "இவரும் அவங்க ஆளுதான்" என்கிறான்.

என் துணிகளை எடுத்துப் பையில் வைக்கிறான். நான் எடுத்து வெளியே வைக்கிறேன். மருந்து ஏற்றினால் அவன் வீட்டுக்குத்தான் போக வேண்டுமாம். கையுறை போட்டுக்கொண்டு அவனே எல்லாம் பார்த்துக்கொள்வானாம். காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறவன்! அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதானே உனக்கு எழுதினேன்?

போகலாமா வேண்டாமா என்றே இப்போது எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கட்டியோடு சமாதானமாக இருந்துவிடலாம் போலிருக்கிறது.

நீ வரவே வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் வேண்டாம்.

*

மார்ச் 18, மாலை

அத்தைக்கு,

இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். உள்ளே விளக்கு எரிகிறது. தட்டினால் சண்டை வரும், அதனால் தட்டவில்லை.

இன்று கடைக்கு ஒரு பெண் வந்தாள். உயரமான ஸ்டூலில் ஏற முடியாமல் நின்றாள். நாற்காலி கொண்டுவந்து போட்டேன். "கண் செக் பண்ணணுமா?" என்றேன்.

"இல்லைக்கா. நான்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"தெரியுது" என்றேன். வயிற்றைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவள் ஒரு ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டாள். பேசி முடிக்கும்வரை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூட அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை.

"அக்கா, எங்க வீட்டுல ஒரே பாத்ரூம். வேணாம்னு நான் சொன்னா மாமியாரை வாசல்ல நிறுத்தினவன்னு ஆயிடும். சரின்னு சொல்லவும் பயமா இருக்கு. அவர்கிட்ட இதைச் சொன்னா, 'எங்கம்மா உனக்கு விஷமா?'ங்கிறார். நான் என்னக்கா பண்ணட்டும்?"

"அதுக்கு என்கிட்ட ஏன் வந்தே?"

"தெரியலை. உங்களைத் திட்டிக்கிட்டேதான் பஸ் ஏறினேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு இந்த வம்பே இல்லை. ஆனா இறங்கினதும் உங்களை விட்டா யாரும் ஞாபகம் வரலை."

அவளை வெறுக்கலாம் என்று பார்த்தேன். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கைக்குட்டை கொடுத்தேன். பிறகு அவள் முன்னாலேயே உங்கள் மகனைக் கூப்பிட்டேன். "மருந்து நாளைக்கு. உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போறது நீங்க. ராத்திரி அவங்க இருக்கப்போறது என் அறையில. ரெண்டு நாளைக்கு. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். அவர் பேச ஆரம்பித்தார். நான் வைத்துவிட்டேன். கல்யாணமாகி இருந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை.

இதெல்லாம் உங்களுக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா, பிறக்கப்போகிற அதுக்காகவா என்று கேட்காதீர்கள். எனக்கே பிடிபடவில்லை. கோபம் போய்விட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

காலை ஏழரைக்கு உங்கள் கட்டடத்துக்குக் கீழே நானும் நிற்பேன். வருவதானால் இறங்கி வாருங்கள். பொத்தான் வைத்த சட்டை. மோதிரத்தை இப்போதே சோப்புப் போட்டுக் கழற்றுங்கள். காலையில் வீங்கியிருக்கும்.

*

மார்ச் 21

அம்மாடி,

நீ வேலைக்குப் போயிருக்கிறாய். உன் கட்டிலில் உட்கார்ந்து உனக்கே கடிதம் எழுதுகிறேன். ஒரே அறையில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று சிரிப்பாய். இரண்டு நாளாக நாம் பேசியதெல்லாம் "தண்ணி வேணுமா?", "ஜன்னலை மூடவா?" இவைதான். மற்றதெல்லாம் எனக்குக் கையால்தான் வருகிறது.

அன்று காலை இறங்கி வரும்வரை எனக்கே தெரியாது, வரப்போகிறேன் என்று. மோதிரம் கழன்றதும் விரலைப் பார்த்தேன். அந்த வெள்ளைத் தழும்பு மட்டும் யாரோ சின்னப் பெண்ணுடைய விரல் போல இருந்தது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இருவரும் என்னிடம்தான் பேசினீர்கள். "அவங்களுக்குக் காபி வேணுமான்னு கேளும்மா." "வேணாம்னு சொல்லுங்க அத்தை." நான் நடுவில் தபாலாபீஸ் வைத்திருந்தேன். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் என் கையை வெந்நீரில் வைத்துத் தட்டித் தட்டி ஊசியை ஏற்றினாள். திரும்பிப் பார்த்தால் அவன் நாற்காலியில் சரிந்து கிடக்கிறான். மருந்து எனக்கு, மயக்கம் அவனுக்கு! நீதான் ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்தாய். பிடித்த பிறகு, பிடித்துவிட்டோமே என்பது போல ஒரு முகம் வைத்தாயே! நர்ஸ் அவனுக்கு ஜூஸ் கொடுத்தாள். எனக்கு வந்த சிரிப்பில் ஊசி நழுவிவிடும் என்று அவள் அதட்டினாள்.

அப்புறம் அந்தச் சிவப்பு மருந்து. உன் அறைக்கு வந்து கழிப்பறைக்குப் போனேன், எல்லாம் சிவப்பு. ரத்தம் என்று அலறினேன். நீ கையுறையோடு ஓடிவந்து, என்னைவிடச் சத்தமாக அலறினாய். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "மருந்தோட நிறம்தாங்க அது. முதல்லயே சொன்னோமே" என்கிறார்கள். நான் தலையாட்டிய விஷயங்களில் அதுவும் ஒன்று போலிருக்கிறது.

சாயங்காலம் ஆரம்பித்த வாந்தியைப் பற்றி எழுதப்போவதில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாய். ஒரு நேரத்தில் என் பிடரியில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. நீ அழுகிறாயா என்று பார்க்க நினைத்தேன். தலையைத் தூக்க முடியவில்லை. எதற்காக அழுதாய்? எனக்காகவா, முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து நாம் திரும்பி வந்த அந்த நாட்களுக்காகவா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

மதியம் அவன் வந்து என் வீட்டில் கொண்டுபோய் விடுவான். நீ வருவதற்குள் போய்விடுவேன். விரிப்பை நானே துவைத்துப் போட்டிருக்கிறேன். தனியாகத்தான் துவைத்தேன், நர்ஸ் சொன்னபடி.

அடுத்தது ஏப்ரல் 9. வா என்றும் எழுதத் தெரியவில்லை, வராதே என்றும் எழுதத் தெரியவில்லை. தேதியை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அத்தை

*

ஏப்ரல் 2

அத்தைக்கு,

முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். தலையணையில் கிடந்ததை நீங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தீர்களாம். பொறுக்காதீர்கள். வழித்துவிடுங்கள். இல்லை, வேண்டாம், உங்கள் இஷ்டம். நானும் கீழ்வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டேன்.

அழுதது எதற்காக என்று கேட்டிருந்தீர்கள். கேட்கவில்லை என்று எழுதிவிட்டுக் கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை அத்தை. ஒரே ஒரு காரணமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்று முதலாளியிடம் ஏப்ரல் 9-க்கும் 10-க்கும் லீவு கேட்டேன். "போன மாசமும் எடுத்தியே, வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார்.

"அத்தைக்கு" என்றேன்.

அவருக்கு எல்லாவற்றிலும் துல்லியம் வேண்டும். கால் புள்ளி பவர் வித்தியாசத்துக்கே லென்ஸைத் திருப்பி அனுப்புகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எந்த அத்தை? அப்பாவோட தங்கச்சியா? மாமா பொண்டாட்டியா? உனக்குத்தான் மாமியார்னு இப்ப யாரும் இல்லையே?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்வியில் தலை ஆடாமல் நின்றுவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே பேர்தானே சார்" என்றேன். "அத்தை, அவ்வளவுதான்."

லீவு கொடுத்துவிட்டார்.